அம்பு ஏன் இடப்பக்கம் ஒதுங்குகிறது?

கேள்வி: வலது கைக்காரன் நான். மரவில்லில் எப்படிக் குறி பார்த்தாலும் அம்பு இடப்பக்கமே குத்துகிறது. வில்லில் கோளாறா?

பதில்: வில்லைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் அம்புத்தண்டின் விறைப்புதான் காரணம். இந்த வகை வில்லில் அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் போயாக வேண்டும், தண்டு வளைய மறுத்தால் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். இறகு இந்தத் தப்பை ஓரளவு மறைக்கும் என்பதால், இறகு ஒட்டாத அம்பு ஒன்றையும் சேர்த்து 15 மீட்டரிலிருந்து எய்து பாருங்கள். மொட்டை அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு அதிகம், கனமான முனை போடுங்கள். வலப்பக்கம் போனால் தண்டு தொய்வு, கால் கால் அங்குலமாக வெட்டுங்கள். அவசரத்தில் வெட்டி நான் பாழாக்கிய தண்டுகளே ஒரு கட்டு தேறும்! அப்புறம், மொட்டை அம்பு மேலே குத்தினால் நாணில் அம்பு பூட்டும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கீழே குத்தினால் இறக்குங்கள்.