ரோமில் ஒரு நாள் போதுமா?

வாசகர் கேள்வி-பதில்: பயணம்

ரோம் நகரைக் கைடுடன் சுற்றிப் பார்ப்பது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான், என் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன் நாலு பேரும் குழுச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். ரோமுக்கு ஒரே ஒரு நாள்தான். ‘கைடுடன் சிட்டி டூர், வத்திக்கான், கொலோசியம்’ என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் இத்தனையும் முடியுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

வெளியே நின்று பார்ப்பதென்றால் எல்லாமே முடியும். உள்ளே போவதென்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதனால் மீதிப் பணம் கட்டுவதற்கு முன் அந்த நோட்டீசை வரி வரியாகப் படியுங்கள். ‘பனோரமிக் டூர்’, ‘டிரைவ் பாஸ்ட்’ என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ‘ஃபோட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பது. நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்தது என்று தனியாக எழுதியிருந்தால்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். வெறுமனே ‘வத்திக்கான்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது புனித இராயப்பர் (பேதுரு) சதுக்கமும் பேராலயமும்தான்; அவை இரண்டுக்கும் கட்டணமே கிடையாது. மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த விதான ஓவியம் இருப்பது சிஸ்டைன் சிற்றாலயத்தில். அதற்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தின் டிக்கெட் வேண்டும். 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு மேலும் 5 யூரோ. உங்கள் கட்டணத்தில் அது இருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

கொலோசியம் டிக்கெட் 2023 அக்டோபரிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகத்தான் தரப்படுகிறது. வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்: டிக்கெட்டில் ‘எஸ். ரமேஷ்’ என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே பெயர்களைக் கொடுங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் எழுதலாம்; பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை மட்டும் சேர்க்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம், ஆனால் அவர்கள் பெயரிலும் முன்பதிவு கட்டாயம். ஆகவே கொலோசியம் டிக்கெட்டுக்கென்று தனித்தொகை கேட்டால், பிள்ளைகள் இருவருக்கும் எதற்கு என்று விசாரியுங்கள்.

டிக்கெட்டில் நேரமும் அச்சாகியிருக்கும். அந்த நேரம் தவறினால் டிக்கெட் வீண், பணம் திரும்பாது. முந்தின இரவு பிளாரன்சில் தங்கி, காலையில் கிளம்பி, பகல் 11 மணிக்குக் கொலோசியம் என்று திட்டம் போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை நெரிசல் ஒரு மணி நேரம் பிடித்தால் போதும், முன்பதிவு போய்விடும். பாதுகாப்புச் சோதனைக்கே இருபது, முப்பது நிமிடம் ஆகும். பெரிய பையும் கண்ணாடிப் புட்டியும் உள்ளே விடமாட்டார்கள்.

பஸ்ஸைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலாப் பஸ்கள் பழைய நகரின் தெருக்களுக்குள் நுழையக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஓரிடத்தில் இறக்கிவிடுவார்கள், மற்றதெல்லாம் நடைதான். கொலோசியத்தில் தொடங்கி வெனிசியா சதுக்கம், பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று, ஸ்பானிஷ் படிக்கட்டு வரை சுமார் 4 கிலோமீட்டர். ஓட்டுநருக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இருக்கிறது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, நாளுக்கு 11 மணி நேர ஓய்வு (வாரத்தில் சில நாட்கள் 9 மணி வரை குறைக்கலாம்). காலையில் குழுவில் ஒரு குடும்பம் அரைமணி தாமதமாக வந்தால், அந்த அரைமணியை மாலையில் ஈடுகட்ட அவரால் முடியாது. ஓர் இடம் கைநழுவிப் போகும்.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. ரோம் நகராட்சி, ஓட்டலில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறது. மூன்று நட்சத்திர ஓட்டலில் 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50. பத்து வயதுக்குக் கீழே வரி இல்லை. நான்கு நட்சத்திர ஓட்டல் என்றால் உங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு இரவுக்கு 22.50 யூரோ. பல கம்பெனிகள் இதைக் கட்டணத்தில் சேர்ப்பதில்லை, ஓட்டலில் நீங்களே கட்ட வேண்டும்.

எங்கள் யோசனை இதுதான்: பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். வரிசை நீள்வதற்குள் அதைப் பார்த்துவிட்டு, கொலோசியத்தின் உள்ளே போய், பிறகு நடையில் நகரத்தைப் பாருங்கள். 9 வயதுப் பையனை வத்திக்கான் அருங்காட்சியகக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நிறுத்த வேண்டாம்.

எங்கள் பேட்டைக்கே இராயப்பர் பெயர்தான். அவர் கல்லறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. திருநாளான ஜூன் 29 அன்று போவது நல்லதா?
– வாசகர், ராயபுரம்

வழிபாட்டுக்காக என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. அன்று காலை பேராலயத்தில் திருத்தந்தை (போப்) திருப்பலி நிறைவேற்றுவார். உள்ளே இருக்கும் இராயப்பரின் வெண்கலச் சிலைக்குத் திருத்தந்தையின் ஆடையும் மூன்றடுக்கு முடியும் அணிவித்திருப்பார்கள்; அந்தக் கோலத்தைக் காண்பதற்கென்றே போகலாம். ஆனால் திருப்பலி முடியும்வரை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் அன்று மூடல். ரோம் நகருக்கும் அது விடுமுறை நாள், கடைகள் பல அடைத்திருக்கும். திருப்பலிக்கான சீட்டு இலவசம். அதைத் திருத்தந்தை இல்லத் தலைமை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். யாராவது விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கல்லறையைப் பார்க்க இரண்டு வழி. பேராலயத்தின் நடுப்பீடத்துக்கு முன்னால் பள்ளமாக, விளக்குகள் சூழ்ந்த ஓர் இடம் இருக்கிறது. கல்லறை இருப்பது அதற்கு நேர் கீழே. அம்மா அங்கே நின்று செபிக்கலாம், சீட்டு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, பேராலயத்துக்கு அடியில் இருக்கும் பழைய இடுகாட்டுக்குள்ளேயே போவது. 1940களில் அங்கே அகழாய்வு நடந்து, கல்லறை கண்டறியப்பட்டதாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1950இல் அறிவித்தார். இதற்கு வத்திக்கானின் அகழாய்வு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். எல்லோருடைய முழுப் பெயர், எத்தனை பேர், எந்த மொழி, எந்தெந்தத் தேதிகளில் வர முடியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே தேதியைக் கேட்டால் இடமில்லை என்று பதில் வர வாய்ப்பு அதிகம். மூன்று நான்கு நாட்களைக் குறிப்பிடுங்கள். பல மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள். ஒரு குழுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். 15 வயதுக்குட்பட்டவர்களை விடுவதில்லை. வழி குறுகல், காற்று புழுக்கமாக இருக்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்களும் அடைத்த இடத்தில் பதறுபவர்களும் மேலேயே நின்றுகொள்வது நல்லது.

சதுக்கத்தில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். சிற்பி பெர்னினி எழுப்பிய தூண் வரிசையில் 284 தூண்கள், நான்கு நான்காக நிற்கின்றன. நடுவிலுள்ள கல்தூபிக்கும் இருபுற நீரூற்றுகளுக்கும் இடையே தரையில் வட்டக்கல் ஒன்று பதித்திருக்கும். அதன்மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசைகளும் மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். கைடு அவசரத்தில் சொல்லாமல் விட்டாலும் நீங்களே தேடி நின்று பாருங்கள்.

இராயப்பரைக் கட்டியிருந்ததாகப் போற்றப்படும் சங்கிலி இருப்பது வேறொரு கோவிலில். பெயர் சான் பியெத்ரோ இன் வின்கோலி. கொலோசியத்திலிருந்து பத்து நிமிட ஏற்றம். மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும் அங்கேதான். பகல் 12.30 மணிக்கு அடைத்துவிட்டு மூன்று மணிக்குத் திறப்பார்கள். ரோமின் சிறிய கோவில்கள் பெரும்பாலும் இப்படித்தான், ஆகவே கோவில்களைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

உடை: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்கும் சுடிதாருக்கும் தடையில்லை. அரை டிரவுசர் போட்ட ஆண்களையும் வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எதை விடலாம், எதைப் பார்க்கலாம்?
– வாசகி, பெரம்பூர்

பேராலயத்தின் குவிமாடத்தை விட்டுவிடுங்கள். மொத்தம் 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம், அதுவும் சுவர் சாய்ந்த குறுகல் வழி. பழைய ரோமின் நகர மையமாயிருந்து இன்று இடிபாடாகக் கிடக்கும் ரோமன் போரத்தின் உள்ளேயும் வேண்டாம்: எரிமலைக் கற்பாளங்கள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், உட்கார நிழல் குறைவு. அதற்குப் பதில் காப்பிடோலின் குன்றில் நகராட்சிக் கட்டடத்தின் பின்புறம் போனால் மொத்தப் போரமும் காலடியில் தெரியும், காசில்லாமல்.

கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள்; அடையாள அட்டை கொண்டுபோங்கள். நடக்க முடிந்தவர்களும் அங்கே நாற்காலி எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம், சிஸ்டைன் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டத்தோடு நகர வேண்டியிருக்கும். அருங்காட்சியக வாசல் வேறு, பேராலய வாசல் வேறு. மதிலைச் சுற்றி நடக்கவே பதினைந்து, இருபது நிமிடம். சிஸ்டைனிலிருந்து நேரே பேராலயத்துக்குப் போகும் கதவு கைடு குழுக்களுக்கானது, அதையும் சில நாட்களில் மூடிவிடுகிறார்கள். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கைடிடம் காலையிலேயே கேளுங்கள்.

தெருக்களில் கருங்கல் துண்டுகள் பதித்திருக்கும். மழையில் வழுக்கும். தடித்த ரப்பர் அடி உள்ள, பழகிய ஷூ போதும். புதுச் செருப்போடு விமானம் ஏற வேண்டாம்.

எங்கள் கூடவே சென்னையிலிருந்து டூர் மேனேஜர் வருகிறார், தமிழில் பேசுவார். அவரே எல்லாவற்றையும் விளக்கிவிடமாட்டாரா?
– வாசகர், கொளத்தூர்

இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் வேண்டும். டூர் மேனேஜர் பஸ்ஸில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நினைவுச்சின்னங்களில் விளக்கம் சொல்வது உள்ளூர்க் கைடின் வேலை. அவர் ஆங்கிலத்தில் சொல்வார், காதுக்கருவி வழியாகக் கேட்பீர்கள். அந்தக் கருவிக்குச் சில பத்து மீட்டர்தான் எட்டும், மூலை திரும்பினால் குரல் அறுந்துபோகும். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். படம் எடுப்பதை நிறுத்திவிட்டு முன்னே போங்கள். கொடுக்கும் இயர்போன் காதில் நிற்காவிட்டால் பழைய ஒயர் இயர்போன் பெரும்பாலும் பொருந்தும், ஒன்று எடுத்துப்போங்கள். சிஸ்டைனுக்குள் கைடு பேசமாட்டார், படமும் எடுக்கக்கூடாது. வெளியே முற்றத்தில் பலகை வைத்து முன்பே விளக்குவார், அப்போது கவனமாகக் கேட்டுவிடுங்கள்.

தனியாகப் போகிறேன். பஸ், மெட்ரோ டிக்கெட் எப்படி? ‘ஃப்ரீ வாக்கிங் டூர்’ உண்மையிலேயே இலவசமா?
– வாசகர், வியாசர்பாடி

டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ் எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோ ஒரு முறைதான். ‘டி’ எழுத்துப் பலகை உள்ள புகையிலைக் கடைகளில் வாங்கலாம். பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். டிக்கெட் பையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம் 50 யூரோவுக்கு மேல். கொலோசியத்துக்கு மெட்ரோ பி, வத்திக்கானுக்கு மெட்ரோ ஏ-யில் ஒத்தாவியானோ நிறுத்தம்.

இலவச நடைச் சுற்றுலாவில் முன்கட்டணம் இல்லை, முடிவில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். அதுதான் அந்தக் கைடின் வருமானம். தலைக்கு 10 யூரோவாவது கொடுப்பது நியாயம். டிக்கெட் உள்ள இடங்களுக்குள் அது போகாது. பாந்தியனுக்கும் 2023 ஜூலை முதல் கட்டணம் வந்துவிட்டது.

பிக்பாக்கெட் தொல்லை டெர்மினி ரயில் நிலையத்திலும், மெட்ரோ ஏ-யிலும், டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸிலும் அதிகம். கதவு மூடும் நேரத்தில் நெருக்குவார்கள். பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில், சட்டைக்கு உள்ளே வையுங்கள். தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அதன் நகலோடு வியா வென்டி செத்தெம்ப்ரே தெருவிலுள்ள இந்தியத் தூதரகம். அவசர எண் 112.

சுத்த சைவம் சாப்பிடுகிறோம். பட்டினிதானா?
– வாசகி, சௌகார்பேட்டை

இல்லை. ‘பீட்சா மரினாரா’ கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். ரோமின் பெக்கோரினோ சீஸ் ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது. ஆகவே அந்தச் சீஸும் மிளகும் சேர்ந்த ‘காச்சோ எ பெப்பே’ பாஸ்தா பார்க்கச் சைவமாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. டெர்மினிக்குப் பக்கத்தில் எஸ்குயிலினோ பகுதியில் இந்திய, வங்கதேச மளிகைக் கடைகள் இருக்கின்றன. பருப்பு, அரிசி, மசாலா கிடைக்கும்.

ரோமில் தமிழருக்கு நெருக்கமாக ஏதாவது பார்க்க இருக்கிறதா?
– வாசகர், திருவொற்றியூர்

மிளகு. யவனர் கப்பல் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ரோமன் போரத்தில் இருக்கிறது. பேரரசர் டொமிஷியன் முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மிளகு, வாசனைப்பொருள் கிடங்கு அது. நான்காம் நூற்றாண்டில் அதன்மேல் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்னும் பெரிய பொதுமண்டபம் எழுந்தது. கொலோசியத்திலிருந்து போரத்துக்குள் நடக்கும்போது மூன்று பிரம்மாண்ட வளைவுகள் தெரியும். அதுதான் அந்தப் பசிலிக்கா. கொலோசியம் டிக்கெட்டே போரத்துக்கும் செல்லும். இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) பணத்தை உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்ததும், 408இல் நகரை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக் கேட்ட மீட்புப்பொருளில் 3,000 பவுண்டு மிளகு இருந்ததும் இந்த ஊரின் வரலாறு. கைடுகள் கிளாடியேட்டர் கதையில் நின்றுவிடுவார்கள், நீங்கள் கேட்டால்தான் மிளகுக்கு வருவார்கள். கிளம்புவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

குடிதண்ணீர், கழிப்பறை?
– வாசகி, எண்ணூர்

தண்ணீர் வாங்கவே வேண்டாம். தெருக்களில் ‘நசோனி’ என்னும் இரும்புக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன, 1874 முதல் இருப்பவை, நல்ல குடிநீர். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், வாய் வைக்காமல் குடிக்கலாம். பொதுக் கழிப்பறைக்கு ஏறக்குறைய 1 யூரோ, சில்லறையாக வைத்திருங்கள். காபிக் கடையில் நின்றபடி ஒரு எஸ்பிரெசோ குடித்தால் அங்கேயே போகலாம். உட்கார்ந்தால் அதே காபிக்கு விலை கூடும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள்ளும் பேராலய வளாகத்திலும் கழிப்பறை இலவசம்.