ரீப்பரில் பல மிடி டிராக்குகளை ஒரே நேரத்தில் எடிட் செய்வது எப்படி?

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் எட்டு மிடி டிராக்கை (ஒலியாக இல்லாமல், எந்த நோட்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளாக இருப்பவை) ஒவ்வொன்றாகத் திறந்து மூடியே பொழுது போய்விடுகிறது, எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொட்டாதீர்கள். முக்கியமாக, கமகம் உள்ள டிராக் ஒன்றாவது இருந்தால் வேண்டவே வேண்டாம். சுருதியை வளைத்துக் கமகம் தரும் பிட்ச் பெண்ட் என்பது நோட்டுக்குச் சொந்தமில்லை, நோட்டுகள் வாத்தியத்துக்குப் போகும் வழியான சேனலுக்குச் சொந்தம். குழலில் காந்தாரத்தை அசைத்தால், அதே சேனலில் நீண்டு நிற்கும் ஸ்ட்ரிங்ஸ் கார்டும் கூடவே ஆடும். 16 சேனல் இருக்கிறதே, பிரித்துக்கொள்ளலாமே என்பீர்கள். முடியும்தான். ஆனால் பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் சேனலைத் திருப்பி அனுப்பும் வேலை இருக்கிறதே, அதற்குப் பழைய கஷ்டமே தேவலை.

டிராக்குகள் தனித்தனியாகவே இருக்கட்டும், சன்னல் மட்டும் ஒன்றாகட்டும். பிரிஃபரன்சஸில் மிடி எடிட்டர் பக்கம் போய், புராஜெக்டுக்கு ஒரே எடிட்டர் என்று மாற்றுங்கள். ஐட்டத்தைத் திறந்தால் எவையெல்லாம் கூடவே திறக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். நான் தேர்ந்தெடுத்தவை மட்டும் திறக்குமாறு வைத்திருக்கிறேன். அடுத்து, எடிட்டரில் டிராக் லிஸ்ட்டை வரவழையுங்கள். எந்த டிராக் கண்ணில் பட வேண்டும், எதில் கை வைக்கலாம் என்பதற்குத் தனித்தனிப் பொத்தான்கள் அதில் உண்டு. நோட்டு நிறத்தை டிராக் வாரியாக மாற்றிவிட்டால் வயலின் எது, செல்லோ எது என்று தேட வேண்டாம்.

உண்மையான வித்தை அந்த இரண்டு பொத்தான்களில்தான். எல்லாம் தெரியட்டும், வேலை நடக்கும் ஒன்றிரண்டு மட்டும் எடிட்டுக்குத் திறந்திருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ராத்திரி எல்லா டிராக்கும் எடிட்டுக்குத் திறந்திருக்க, கண்ட்ரோல்-ஏ அடித்து, க்யூ அழுத்தி, நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்துவிட்டு, அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்தோடு ஒட்டவைத்துவிட்டு, படுத்துவிட்டேன். காலையில் கேட்டால் டிரம்ஸும் பேஸும் கச்சிதம், குழல் மட்டும் விக்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வாசித்திருந்த நோட்டுகள் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன, பெண்ட் வளைவு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. குவார்ட்டர் நோட்டுக்கு 960 டிக் (மிடி நேரத்தை அளக்கும் சிறு அலகு) என்ற கணக்கில் நாற்பது டிக் விலகினாலே போதும், கமகம் நோட்டுக்குப் பின்னால் நொண்டும்.

வெலாசிட்டியிலும், அதாவது நோட்டு எவ்வளவு அழுத்தமாக ஒலிக்கிறது என்பதிலும், இதே தொல்லை உண்டு. நான்கு ஸ்ட்ரிங்ஸ் டிராக்கும் ஒரே இடத்தில் தொடங்கினால் எடிட்டரின் கீழே நான்கு வெலாசிட்டி கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வயோலாவைக் குறைக்கப் போய் முதல் வயலினைக் குறைத்திருப்பீர்கள். மேலே நோட்டுகளைத் தேர்ந்தெடுத்த பிறகே கீழே இழுங்கள். அப்படியும் குழம்பினால் மற்ற மூன்றையும் சற்று நேரம் மறைத்துவிடுங்கள்.

அப்புறம், குவாண்டைஸை நூறில் வைக்காமல் அறுபது, எழுபதில் வைத்துப் பாருங்கள். குழலை எடிட் ஆகாதபடி பூட்டிவிட்டுத்தான்.