மரத்தரை கறுத்துவிட்டது: 9,600 ரிங்கிட்டை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: செந்தூலில் கொண்டோ வீடு. ஹாலில் 400 சதுர அடிக்கு எண்ணெய் பூசிய மெர்பாவ் மரத்தரை. பால்கனிக் கதவோரம் ஏழு பலகைகள் கறுத்து, ஓரங்கள் லேசாகத் தூக்கி நிற்கின்றன. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போட குத்தகையாளர் 9,600 ரிங்கிட் கேட்கிறார். கிரெடிட் கார்டில் போடலாமா, இல்லை ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) ஃபிளெக்சிபெல் கணக்கில் எடுக்கலாமா? காப்புறுதி ஏதும் கொடுக்குமா?

பதில்: இப்போதைக்கு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டியே 144 ரிங்கிட். மாதம் 480 ரிங்கிட் கட்டினால் கடன் முடிய 24 மாதம் ஆகும். வட்டி மட்டும் 1,900 ரிங்கிட்டை நெருங்கும். ஏழு பலகைக்காக நானூறு சதுர அடியைப் பெயர்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். பால்கனி நெகிழ்கதவின் அலுமினியத் தண்டவாளத்தில், வெளிப்பக்கம் சிறு வடிதுளைகள் இருக்கும். தூசும் முடியும் அடைத்துக்கொண்டால், மாலை மழையில் தண்டவாளம் தொட்டியாக நிரம்பி உள்ளே வழியும். பழைய பல்துலக்கியும் ஒரு கம்பியும் போதும், செலவில்லாத வேலை. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பாருங்கள். சட்டத்தைச் சுற்றியுள்ள சிலிகோன் பிளந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். கதவுக்கு மேலே ஏர்கோன் இருந்தால் அதன் வடிகுழாயையும் பாருங்கள். இதைச் செய்யாமல் எஸ்பிசி போட்டால் பலகை கெடாதுதான். ஆனால் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கிப் பூஞ்சை நாற்றம் கிளப்பும். கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால் இன்னொரு செலவு. புகார் போனால் அடுக்குமாடி வீடுகளுக்கான 2015 ஸ்திராட்டா ஒழுங்குமுறைப்படி நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். கசிவு மேல்வீட்டிலிருந்து வருகிறது என்பதுதான் சட்டத்தின் தொடக்க அனுமானம்.

ஓரம் தூக்கி நிற்பதற்குக் காரணம், பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருப்பது. இந்த நிலையில் யார் சொன்னாலும் இயந்திரம் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். தேய்த்த ஓரம், பலகை காய்ந்த பிறகு தாழ்ந்து போகும். நடுப்பகுதி முதுகுபோல் மேடாகிவிடும். அப்போதுதான் உண்மையிலேயே பலகையை மாற்ற வேண்டி வரும். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி, சில வாரங்கள் பொறுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஊசி வகை ஈரமானியால் கெட்ட பலகையையும் ஹாலின் மறுமூலையில் நல்ல பலகையையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிக்குள் வந்தால் வேலையைத் தொடங்கலாம். பெரும்பாலும் பலகை தானாகவே படிந்துவிடும்.

கறுப்பு, மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாகும் கறை. பலகையை முழு நீளத்துக்கும் நார் போகும் திசையிலேயே 120, பிறகு 150 எண் உப்புத்தாளால் கையால் தேயுங்கள். நடுவில் மட்டும் தேய்த்தால் திட்டுத் தெரியும். கறை மிஞ்சினால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் துணியால் தடவி, கால் மணி நேரம் விட்டு, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மெர்பாவின் சொந்த நிறமும் சற்று வெளிறும், ஆகவே முதலில் அலமாரிக்கு அடியில் சோதியுங்கள். இரண்டு நாள் காய்ந்தபின் மரத்தரை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசுங்கள். மிகுதியைத் துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகாது, தூசியைப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும்.

இனி பராமரிப்பு. வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரும் மஞ்சளுமாக வீடு துடைக்கும் பழக்கம் சிமெண்டுத் தரைக்கு ஆனது. இங்கே நன்றாகப் பிழிந்த மாப், மரத்தரைக்கான சோப்பு, அவ்வளவுதான். வினிகர், குளோரோக்ஸ் (வெளுப்பான்), நீராவி மாப் மூன்றும் எண்ணெயைக் கழற்றிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மரம் நீரை உறிஞ்சி நிறம் அடர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் போடும் நேரம் வந்துவிட்டது. கதவோரம் ஆண்டுக்கொருமுறை தேவைப்படலாம், ஹாலின் நடுப்பகுதி இன்னும் நாள் தாங்கும்.

காப்புறுதியை நம்ப வேண்டாம். அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்புக்கானது. வீட்டு உரிமையாளர் காப்புறுதி இருந்தால் குழாய் திடீரென வெடித்ததற்குக் கேட்கலாம். மாதக்கணக்கில் கசிந்த மழைநீருக்குக் கிடைக்காது.

ஃபிளெக்சிபெல் கணக்கில் குறைந்தது 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மை. அதனாலேயே அதைத் தொடாமல் வையுங்கள். ஈரமானி, எண்ணெய், உப்புத்தாள் எல்லாம் மாதச் சம்பளத்தில் அடங்கும். காய்ந்த பிறகும் திருப்புளி முனை பலகைக்குள் மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகை உளுத்துவிட்டது. அப்போதும் ஹாலில் அலமாரிக்கு அடியில் உள்ள பலகையைக் கழற்றி இங்கே போட்டு, புதியதை அங்கே போடச் சொல்லுங்கள், நிறம் ஓரளவு ஒத்துப்போகும். குத்தகையாளரிடம் அந்த ஏழு பலகைக்கு மட்டும் தனி விலை எழுதி வாங்குங்கள்.