தரைக்கடியில் மூத்தோர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கியில், பழங்கால வழிபாட்டிடமாகக் கருதப்படும் கோபெக்லி தெபே பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். விவசாயத்தால் உபரி வந்தது, உபரியைக் காக்க அரசனும் பூசாரியும் வந்தார்கள், மக்களை அடக்கிவைக்கக் கடவுள் வந்தார் என்றுதான் படித்திருக்கிறேன். முதல் விவசாயிகள் வணங்கியது தாய்த்தெய்வத்தை என்றும் சொல்கிறார்கள். நீங்கள் இதை ஏற்கிறீர்களா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்லும் வரிசை சுமேரியாவின் (இன்றைய தெற்கு இராக்) உருக் நகரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். கிமு 3300 வாக்கில் அங்கே எழுதப்பட்ட களிமண் பலகைகளில் நிறைந்திருப்பது தானியக் கணக்கும் கூலிக் கணக்கும்தான். ஆனால் அதற்குள் விவசாயம் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த வாதம் அத்தனை ஆண்டுகளையும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. கடவுள் பின்னால் வந்தார் என்பதற்கும் கோபெக்லி தெபே இடம் தரவில்லை. கிமு 9500 வாக்கில் அங்கே ஐந்து மீட்டருக்கும் உயரமான தூண்களை நட்டவர்கள் வேட்டையாடி, காட்டுத் தானியம் சேர்த்து உண்டவர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே துருக்கியிலுள்ள சத்தல்ஹோயூக். கிமு 7100 முதல் 6000 வரை மக்கள் வாழ்ந்த ஊர். கோதுமை விளைந்தது, ஆடு வளர்த்தார்கள். தெருவே கிடையாது, ஒட்டி ஒட்டி வீடுகள், கூரைத் திறப்பு வழியாக ஏணியில் இறங்க வேண்டும். அரண்மனை என்று எதுவும் அகப்படவில்லை. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே உணவை உண்டார்கள் என்று எலும்புகள் காட்டுகின்றன. (சமமென்றால் சுகமென்று பொருளல்ல. சிரியாவின் அபு ஹுரைரா என்ற பழைய உழவர் ஊரில் பெண்களின் கால்விரல், முழங்கால் எலும்புகள் மண்டியிட்டு மாவரைத்தே தேய்ந்திருக்கின்றன.)

இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே, மேடைக்கு அடியில் குழிவெட்டி, கால்களை மடக்கிப் புதைத்தார்கள். மேலே பூசி மெழுகிவிட்டு அங்கேயே வாழ்ந்தார்கள். ஒரே வீட்டில் 60 பேருக்கு மேல் கிடைத்திருக்கிறார்கள். சில குழிகளைப் பிறகு திறந்து மண்டையோட்டை மட்டும் எடுத்திருக்கிறார்கள். 2004இல் திறந்த ஒரு குழியில், சுதை பூசிச் செவ்வண்ணம் தீட்டிய மண்டையோட்டை அணைத்தபடி ஒரு பெண் கிடந்தாள். வீடு பழசானால் இடித்து, பழைய சுவரின்மேலேயே புதுச் சுவர் எழுப்பினார்கள்.

தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்கள் கிடைத்ததை அன்றன்றே பகிர்ந்து உண்பவர்கள். இறந்தவர்களையும் பெரிய சடங்கில்லாமல் அடக்கம் செய்பவர்கள். ஆனால் விதைப்பவன் அறுவடைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிலமும் குதிரும் தன்னுடையவை என்று அவன் எதைக் காட்டிச் சொல்வான்? பட்டா இல்லாத காலத்தில் தரைக்கடியில் கிடந்த மூத்தோரே சாட்சி என்று நான் நினைக்கிறேன். அவர்கள் எல்லோரும் இரத்த உறவினர்களும் அல்ல. பல் ஆய்வும் மரபணு ஆய்வும் அப்படித்தான் சொல்கின்றன. அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதே உறவாக இருந்திருக்கிறது.

தாய்த்தெய்வம்? 1961இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் சத்தல்ஹோயூக்கில் ஒரு தானியக் குதிருக்குள் கண்டெடுத்த களிமண் உருவத்தால் பரவிய பேச்சு அது: பருத்த ஒரு பெண், இருபுறமும் இரு பெரும்பூனைகள். 1993இல் தொல்லியலாளர் இயன் ஹாடர் அங்கே தொடங்கிய அகழாய்விலோ கிடைத்த உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள். பலவும் குப்பையோடு குப்பையாகக் கிடந்தவை. மண்டையோட்டுக்குக் கிடைத்த கவனிப்பில் கால்பங்குகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை.