ஒன்டிரைவ் சிபியூவைப் பிடித்துக்கொள்கிறது: குடியாத்தம் நண்பருக்குப் பதில்

வணக்கம் சார். காலையில் டேலி கணக்கு மென்பொருளைத் திறந்ததும், ஃபைல்களை இணையத்தில் நகல் வைக்கும் ஒன்டிரைவ் சிபியூவில் 40 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது, கடை மூடும்போது அடங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டேலி டேட்டா ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருப்பதாகவும் சொல்கிறீர்கள். வினை அங்கேதான்.

10000 என்பது போல எண் பெயரில் உள்ள கம்பெனி ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போடுங்கள். பல ஃபைல்களில் நேரம் மாறுவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு முறையும் ஒன்டிரைவ் அவற்றைப் படித்து மேலே ஏற்றப் பார்க்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக் கணக்கிலும் இதையே பார்த்தேன். வேலூர் வெயிலில் லேப்டாப் விசிறி ஓயவே இல்லை.

முதலில் ஒன்டிரைவின் மேக ஐகானைச் சொடுக்கி 2 மணி நேரம் சிங்க்கை (இப்படி ஃபைல்களை ஏற்றுவதை) நிறுத்திப் பாருங்கள். சிபியூ இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் டேலியை மூடிவிட்டு, டேட்டாவை டி டிரைவுக்கு நகலெடுத்து, டேலியில் டேட்டா பாதையை மாற்றுங்கள். கணக்கெல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள், சார். தினமும் கடை மூடும்முன் டேலி பேக்கப்பை மட்டும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் எடுத்தால் போதும்.

ஒன்டிரைவை ரீசெட் செய்வது இப்போது வேண்டாம். ஃபைல் எதுவும் போகாது, ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கும். அந்த நேரம் சிபியூ இன்னும் ஏறும்.