அந்த இரண்டில் எது இரட்டை?

தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மே மாத இரவுகளில் தெற்கே கடலுக்கு மேல் பிரகாசமான விண்மீன்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. நமக்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா செண்டாரி என்ற இரட்டை விண்மீன் அதுதான் என்கிறார் நண்பர். சரியா? என்னிடம் 10×50 பைனாகுலர் இருக்கிறது. போதுமா, டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?”

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்த இரண்டில் இடப்பக்கம் இருப்பது, அதாவது கூடுதல் பிரகாசமானது, ஆல்ஃபா செண்டாரி. வலப்பக்கம் இருப்பது பீட்டா செண்டாரி. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும், ஆனால் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. ஆல்ஃபா இருப்பது சுமார் 4.4 ஒளியாண்டு தொலைவில். பீட்டா ஏறக்குறைய 390 ஒளியாண்டுக்கு அப்பால். நீங்கள் தேடும் இரட்டை, இடப்பக்கத்து அந்த ஒற்றைப் புள்ளிக்குள்ளேயே இருக்கிறது.

அதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. வானத்தில் இடைவெளியைக் கோணமாக அளப்பார்கள்: ஒரு பாகையில் (டிகிரியில்) 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நல்ல கண்ணுக்கும் ஒரு கலைக்குக் குறைவான இடைவெளி பிடிபடாது. கல்யாணத்தில் காட்டும் அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் நடுவே 12 கலை இருப்பதால்தான் அவை தனித்தனியாகத் தெரிகின்றன. ஆல்ஃபா செண்டாரியின் இரு விண்மீன்களுக்கு நடுவே உள்ளது சில விகலைகள்தான். அதுவும் நிலையாக இருப்பதில்லை. ஒன்றையொன்று சுற்றிவர அவற்றுக்கு ஏறக்குறைய 80 ஆண்டு ஆகிறது. சுற்றுப்பாதை நன்றாக நீண்டது: நெருங்கும்போது சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தொலைவைவிடச் சற்று அதிகம், விலகும்போது கிட்டத்தட்ட புளூட்டோ வரையிலான தொலைவு. நம் பார்வையில் 1976-ல் 22 விகலை வரை அகன்றிருந்தவை 2016-ல் 4 விகலைக்கு ஒடுங்கின. இப்போது அதைப்போல இரு மடங்குக்கு மேல் பிரிந்திருக்கின்றன. 2030-களின் நடுவில் மறுபடி மிகவும் நெருங்கிவிடும். ஆகவே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பைனாகுலர் போதாது. கையில் பிடித்தால் ஆடும். ஆடாமல் ஸ்டாண்டில் வைத்தாலும் பெரியதன் ஒளி சின்னதை விழுங்கிவிடும். அதற்காகப் பெரிய டெலஸ்கோப் வாங்க வேண்டியதில்லை. 60 மி.மீ. லென்ஸ் உள்ள சின்ன டெலஸ்கோப்பே போதும், உருப்பெருக்கம் 70-லிருந்து 100 வரை வைத்துக்கொள்ளுங்கள். குவிய நீளம் 700 மி.மீ. என்றால் 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 70 மடங்கு வந்துவிடும். எடுத்தவுடன் தெற்கே திருப்பாமல், முதலில் வடக்கே வசிஷ்டரில் பழகுங்கள். சப்தரிஷி மண்டலத்து வாலின் நடு விண்மீன் அது. டெலஸ்கோப்பில் அதுவே இரண்டாகப் பிரியும், இடைவெளி 14 விகலை. உயரத்தில் இருப்பதால் படம் நின்று தெரியும். அங்கே ஃபோகஸ் கைவந்த பிறகு தெற்கே வாருங்கள்.

தெற்கில் தொந்தரவு செய்வது காற்றுதான். உங்கள் ஊரில் ஆல்ஃபா செண்டாரி எவ்வளவு ஏறினாலும் அடிவானத்திலிருந்து 21 பாகை, அதாவது நீட்டிய கையில் இரண்டு முட்டி உயரம். சென்னையில் 16 பாகைதான். தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட இரண்டரை, மூன்று மடங்கு காற்றைத் தாண்டி அதன் ஒளி வருகிறது. அதனால் நேர் தெற்கில் உச்சியில் நிற்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும்: மே நடுவில் இரவு சுமார் 11.20, ஜூன் முதல் வாரத்தில் 10 மணி, ஜூன் கடைசியில் எட்டரை. அப்போது திரிசங்கு (சிலுவை வடிவ விண்மீன் கூட்டம்) வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆல்ஃபாவும் பீட்டாவும் அநேகமாகப் படுக்கைவசமாக இருக்கும்.

ஐபீஸில் முதலில் ஒரே கொதிப்பாகத்தான் தெரியும், கிணற்று நீருக்கடியில் கிடக்கும் காசு போல. கண்ணை எடுக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். நொடிநேரம் காற்று அடங்கும்போது பெரிய மஞ்சள் பொட்டும், அதை ஒட்டிச் சற்று மங்கிய ஆரஞ்சுப் பொட்டும் பிரிந்து நிற்கும். அந்த மஞ்சள் கிட்டத்தட்ட நம் சூரியனின் சாயல்; எடை பத்தில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். நம் சூரியனும் அந்தத் தொலைவிலிருந்து இப்படித்தான் ஒரு பொட்டாகத் தெரியும். அதை நினைத்துக்கொண்டே பார்க்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

இதை முதலில் இரண்டாகப் பார்த்ததும் நம் கரையிலிருந்துதான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, இந்த விண்மீன் இரட்டை என்று கண்டார். அங்கே அதன் அதிகபட்ச உயரம் 17 பாகை. உங்கள் கடற்கரையில் அவரைவிட நான்கு பாகை கூடுதலாகவே கிடைக்கிறது.

அப்புறம் ஒன்று. இந்தக் குடும்பத்தில் மூன்றாவதாகப் பிராக்சிமா என்று ஒன்று உண்டு, 4.24 ஒளியாண்டில், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மிகவும் மங்கல். சின்ன டெலஸ்கோப்பில் அதைத் தேடி இரவை வீணாக்க வேண்டாம்.