ஓ.பி. நெரிசலில் மாணவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா?

கேள்வி: சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர் நான். ஓ.பி. நாளில் மதியத்துக்குள் நூறு சீட்டாவது பார்த்தாக வேண்டும். பத்து மாணவர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போகிறார்கள். சொல்லித்தர நேரமே கிடைப்பதில்லை. என்ன வழி?

பதில்: நூறு பேரை வைத்தும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு காலைக்கு மூன்று நோயாளிகள் போதும். மற்றவர்களை வழக்கம்போலப் பாருங்கள். நேரக் குறைவைவிடப் பெரிய சிக்கல், மாணவர்கள் நிற்கும் இடம். பின்னால் நிற்பவருக்கு உங்கள் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் செல்போன் வெளியே வந்துவிடும்.

பத்துப் பேரையும் இரண்டிரண்டாகப் பிரித்து, அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். இரண்டு ஜோடிகள், காத்திருக்கும் நோயாளிகளிடம் பத்து நிமிடத்தில் ஹிஸ்டரி (நோய் விவரம்) எடுக்கட்டும். ஒரு ஜோடி பி.பி. மேஜையில் இருக்கட்டும்: நோயாளி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், கஃப் (கையில் சுற்றும் பட்டை) அளவு சரியாக இருக்க வேண்டும். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும் என்பதை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இன்னொரு ஜோடி மருந்து வாங்கிவருபவரிடம், “இந்த மாத்திரை எதுக்கு, எப்போ சாப்பிடணும்னு சொன்னாங்க?” என்று கேட்கட்டும். வரும் பதில்கள் உங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கலாம். கடைசி ஜோடி உங்கள் பக்கத்தில், நோயாளியின் முகம் தெரியும்படி உட்காரட்டும்.

பாடத்துக்குச் சர்க்கரை, பி.பி., தைராய்டு என்று தொடர் சிகிச்சைக்கு வருபவர்களைத் தேர்ந்தெடுங்கள். மூச்சுத் திணறலோடு வருபவர் வேண்டாம். “இந்தப் பிள்ளைங்க உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமாம்மா? வேண்டாம்னாலும் பரவாயில்லை, வைத்தியம் அதேதான்” என்று நீங்களே கேளுங்கள். சம்மதித்து ஹிஸ்டரி சொன்னவரை வரிசையில் முன்னால் விட்டுவிடுங்கள். அவருக்கும் காத்திருப்பு மிச்சம்.

இனி அந்த மூன்று பேர். 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் வகுத்த ‘ஒன் மினிட் பிரிசெப்டர்’ (ஒரு நிமிட ஆசிரியர்) முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். பெயரில்தான் ஒரு நிமிடம். நடைமுறையில் நான்கைந்து நிமிடம் பிடிக்கும். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் அம்மா ஒருவர் பாத எரிச்சலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பார்த்த மாணவரிடம் நீங்கள் கேட்கிறீர்கள்:

“என்னன்னு நினைக்கிற?”
“டயபெட்டிக் நியூரோபதி, சார்.” (சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு)
“எதை வெச்சுச் சொல்ற?”
“ரெண்டு கால்லயும் எரிச்சல், ராத்திரியில அதிகம். மோனோஃபிலமென்ட் வெச்சா பெருவிரல்ல தெரியல.” (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழைதான் மோனோஃபிலமென்ட்)

இங்கே ஒரே ஒரு பொது விதி சொல்லுங்கள்: நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவருக்குப் பாத எரிச்சல் என்றால் பி12 குறைபாட்டையும் பார். நியூரோபதியின் வகைகளுக்குள் நுழைந்தால் ஓ.பி. நின்றுவிடும். பிறகு மாணவர் சரியாகச் செய்தது எது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “மோனோஃபிலமென்ட் வெச்சுப் பார்த்தது நல்லது.” வெறும் ‘குட்’ எதையும் கற்பிக்காது. கடைசியாகத் திருத்தம்: “மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறாங்கன்னு கேட்கல, அடுத்த தடவை கேளு.”

பெரும்பாலும் இந்த முறை சறுக்குவது முதல் கேள்வியில்தான். கேட்டுவிட்டு இரண்டு நொடியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மாணவர் வாய் திறப்பார். தவறான பதிலானாலும் நோயாளி எதிரில் கடியக் கூடாது. அந்த மாணவர் மறுமுறை ஊகிக்கவே மாட்டார், நோயாளிக்கும் நம்பிக்கை போய்விடும்.

கேஸை நோயாளி முன்னாலேயே, தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். “இல்லப்பா, எரிச்சல் ரெண்டு வருஷமா இருக்கு” என்று அவரே திருத்துவார். புற்றுநோய், டி.பி. சந்தேகங்களை மட்டும் அவர் காதில் விழாமல் பேசுங்கள். ஆங்கிலத்தில் பேசினாலும் ‘கேன்சர்’ எல்லோருக்கும் புரியும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த, தமிழ் தெரியாத மாணவரைத் தமிழ் பேசுபவரோடு ஜோடி சேருங்கள். கேள்வியை அவர் கேட்கட்டும், மற்றவர் மொழிபெயர்க்கட்டும். இல்லையென்றால் அவர் வருடம் முழுக்க வேடிக்கைதான் பார்ப்பார்.

ஹவுஸ் சர்ஜன்களுக்கு இந்தப் படிகள் தேவையில்லை. சுருக்கம், இரண்டு மூன்று சாத்தியமான நோய்கள், தன் திட்டம், உங்களிடம் கேட்க ஒரு சந்தேகம் என்று அவர்களே சொல்லி முடிக்கட்டும். மாணவர்களின் பயிற்சிப் பதிவேடான லாக்புக்கை மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துக்கு வாங்காதீர்கள். அன்றைய திருத்தத்தை ஒரு வரியில் மாணவரே எழுதிக்காட்டினால் அன்றே கையெழுத்துப் போடுங்கள்.